ஜானி கேஷும் முடியாத மனந்திரும்புதலும்

மனந்திரும்புதல் ஒரே நாளில் முடிகிற காரியமா, சாகும்வரை நீள்வதா என்பது கிறிஸ்தவ இறையியலில் ஓயாத வழக்கு. அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகரும் பாடலாசிரியருமான ஜானி கேஷின் (1932–2003) வாழ்க்கையை அந்த வழக்கின் ஒரு சாட்சியாகவே படிக்கலாம்.

அர்கன்சா மாநிலத்தில் பிறந்த அவர், பெருமந்தக் காலத்தில் ஏழை உழவர்களுக்காக அரசு அமைத்த டைஸ் குடியிருப்பில், பருத்திக் காட்டில் வேலை செய்து வளர்ந்தார். ஆராதனையில் எழுந்து முன்னே போய் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவருக்கு இரட்சிப்பு உறுதி, அதை இனி யாராலும் பறிக்க முடியாது என்பது அங்கிருந்த பாப்டிஸ்டுகளிடையே பரவலான போதனை. 12 வயதில் கேஷும் அப்படி முன்னே போனார். அதே 1944இல், போதகராக ஆசைப்பட்ட அண்ணன் ஜாக், மரம் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தான்.

1950களின் நடுவில் மெம்ஃபிஸ் நகரின் சன் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பக்திப் பாடல்களோடு போனார். அவை விற்காது என்றார் நிறுவனத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸ். 1955இல் வந்த ‘ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்’ பாட்டில் பேசுபவன் ஒரு கொலைக் கைதி. தண்டனை அநியாயம் என்று அவன் வாதாடுவதில்லை; தனக்கு வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டு, வெளியே போகிற ரயிலை நினைத்து அழுகிறான். மறு ஆண்டு வந்த ‘ஐ வாக் தி லைன்’ மனைவிக்குச் செய்த சத்தியம். அது நிலைக்கவில்லை. ஆம்பெட்டமின் மாத்திரைப் பழக்கம் முற்றியது, 1965இல் எல் பாசோவில் மாத்திரைகளோடு பிடிபட்டார், மணவாழ்க்கையும் முறிந்தது.

சத்தியம் செய்தும் தவறுகிற இந்த நிலை வேதாகமத்திலும் உண்டு: விரும்புகிற நன்மையை விட்டு, வெறுக்கிற தீமையையே செய்வதாக ரோமர் நிருபம் 7ஆம் அதிகாரத்தில் பவுல் புலம்புகிறார். பேசுவது மனந்திரும்பாத மனிதனா, திரும்பிய பவுலேதானா? முன்னதென்று முதலில் எழுதிய திருச்சபைத் தந்தை அகஸ்டின், பிற்காலத்தில் கருத்தை மாற்றிக்கொண்டார். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்று சீர்திருத்தவாதி லூதர் இன்னும் அழுத்திச் சொன்னார். கேஷுக்கு இது வெறும் ஏட்டுச் சர்ச்சை அல்ல. 1983இல் மறுபடியும் போதைக்குச் சிகிச்சை பெற்றவர், 1986இல் பவுலைப் பற்றி ‘மேன் இன் வைட்’ என்ற நாவலை வெளியிட்டார்.

இதே கேள்வி அதற்கு முன்பே ஒரு சிறையில் எழுந்தது. 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறையில் பாடிய நிகழ்ச்சியைக் கேஷ், கைதி கிளென் ஷெர்லி எழுதிய பாட்டோடு முடித்தார். சிறைக்குள் இருக்கும் சிற்றாலயத்தைப் பற்றிய பாட்டு அது. முந்தின நாள்தான் அதன் ஒலிநாடா கேஷின் கைக்கு வந்தது, இரவில் பழகிக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஷெர்லிக்கு எதுவும் தெரியாது. 1971இல் விடுதலையான அவரைக் கேஷ் தன் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார். மீட்புக் கதை இங்கே முடிந்திருந்தால் பிரசங்கத்துக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் வெளியுலகம் ஷெர்லிக்குப் பிடிபடவில்லை, குழுவிலிருந்து விலக்கப்பட்டார், 1978இல் தற்கொலை செய்துகொண்டார். கிருபை என்பது நன்னடத்தைக்குத் தரும் சான்றிதழ் என்று நம்புகிறவர்களிடம் இதற்குப் பதில் இல்லை.

சுவிசேஷகர் பில்லி கிரஹாமின் மேடைகளில் கேஷ் பாடினார். இஸ்ரேலில் படமாக்கிய ‘காஸ்பல் ரோட்’ என்ற இயேசு வரலாற்றை 1973இல் வெளியிட்டார். அதில் உபதேசிக்கும் கேஷ் சுமார்தான்; குற்றவாளியின் வாயால் பேசுகிற கேஷிடம்தான் இறையியல் கனமாக இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் இசைத்தொகுப்பு, வெளிப்படுத்தின விசேஷத்தின் நியாயத்தீர்ப்பைப் பாடும் அவருடைய சொந்தப் பாட்டோடு தொடங்குகிறது. அடுத்ததாக வருவது ராக் இசைக்கலைஞர் ட்ரென்ட் ரெஸ்னர் எழுதிய ‘ஹர்ட்’, போதையாலும் சுயவெறுப்பாலும் காயப்பட்டவனின் பாட்டு. தீர்ப்பை அறிவித்த குரலே உடனே கூண்டிலும் ஏறி நிற்கிறது. அகஸ்டினின் பிந்திய வாசிப்பின் பக்கமே இந்தச் சாட்சியம் சாய்கிறது.