நாடு துயருறும் நாளில் இல்லறத்தார் கடமை

அருகன் திருவடிகளை நெஞ்சில் நிறுத்தி, நம் சமுதாயத்துச் சாவக சாவகியர்க்கு ஒரு கருத்தை முன்வைக்க விழைகின்றோம்.

நாட்டின் தலைவர் ஒருவர் மறைகின்றார். அரசு துக்க நாள்களை அறிவிக்கின்றது. அந்நாள்களில், முன்னமே உறுதி செய்யப்பட்ட விழாக்களை நடத்தலாமா, கைவிட வேண்டுமா என்னும் வினா ஒவ்வொரு முறையும் எழுகின்றது. ஜினாலயத்தில் திருமஞ்சனத்திற்கு நாள் குறித்திருக்கலாம். பள்ளியில் ஆண்டு விழா வகுத்திருக்கலாம். இல்லத்தில் திருமணம் நிச்சயித்திருக்கலாம். நடத்தினால் நாட்டுப்பற்று இல்லாதவர் என்பர் சிலர். நிறுத்தினால் பொருளும் உழைப்பும் பாழாகும் என்பர் வேறு சிலர். இரு சாராரும் ஊர் என்ன சொல்லும் என்பதையே எண்ணுகின்றனர். அறம் என்ன சொல்லும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்போம்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 26 ஆம் நாள் முன்னாள் பிரதமர் டாக்டர் மன்மோகன் சிங் அவர்கள் தம் 92 ஆவது வயதில் மறைந்தார். 2025 ஜனவரி 1 வரை ஏழு நாள் துக்கம் கடைப்பிடிக்குமாறு நடுவண் அரசு அறிவித்தது. அந்த ஏழு நாள்களுக்குள்ளேயே, டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை, கன்னியாகுமரியில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையின் வெள்ளி விழா நடைபெற்றது. 2000 ஜனவரி 1 இல் திறக்கப்பெற்ற அச்சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலமும் அப்போது திறந்து வைக்கப்பட்டது. நாடு துக்கம் காத்த வாரத்தில் இத்தகைய விழா தகுமா? திருக்குறளைக் குந்தகுந்த ஆசாரியர் அருளியதாகப் போற்றி, பொன்னூர் மலையில் அவருடைய திருவடியை வணங்கும் மரபினராகிய நமக்கு இவ்வினா அயலார் வினா அன்று.

விடை காணுமுன் அரசாணை கூறுவது யாது என்று அறிய வேண்டும். துக்க நாள்களில் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். அரசு சார்பான கேளிக்கைகள் நடைபெறா. ஆணையின் சாரம் இவ்வளவே. பள்ளியை மூடுக என்றோ, திருமணத்தை நிறுத்துக என்றோ, கோயிலைப் பூட்டுக என்றோ அது கூறுவதில்லை. சில வேளைகளில் அரசு தனியாக விடுமுறை அறிவிப்பதுண்டு, அது வேறு. கேளிக்கை என்னும் சொல்லை உற்று நோக்குக. அறநூலைச் சிந்திக்கக் கூடுவது கேளிக்கை ஆகாது. ஆதலின், அவ்வெள்ளி விழாவில் திருக்குறளைப் போற்றிய பகுதி துக்கத்திற்கு முரணன்று. வெறும் களிப்புக்கெனச் சேர்க்கப்பட்ட பகுதி ஏதேனும் இருந்திருப்பின், அது ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். இதுவே நம் கருத்து.

பள்ளியில் கொடியேற்றிப் பழகிய ஆசிரியர்கள் அறிந்த முறை ஒன்றுண்டு. கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடும்போது, முதலில் அதனைக் கம்பத்தின் உச்சி வரை ஏற்றிய பின்னரே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மீண்டும் உச்சிக்கு உயர்த்திய பின்னரே கீழே கொணர வேண்டும். மேலும், குடியரசு நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகியவற்றோடு துக்க நாள் இணைந்து வருமாயின், மறைந்தவரின் உடல் வைக்கப்பட்டுள்ள கட்டடம் நீங்கலாக ஏனைய இடங்களிலெல்லாம் கொடி முழுக்கம்பத்திலேயே பறக்க வேண்டும் என்று 2002 ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித் தொகுப்பு கூறுகின்றது. துயரத்திற்கும் ஓர் அளவு உண்டு. நாட்டின் வாழ்வு அதனினும் உயர்ந்து நிற்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் உட்பொருள்.

இனி, நம் ஆகமங்களுக்கு வருவோம். சோகம் என்பதை நம் ஆசாரியர்கள் புண்ணியமாக எங்கும் கூறவில்லை. சிரிப்பு, விருப்பு, வெறுப்பு, அச்சம் முதலியவற்றோடு ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்றாகவே அதனை வைத்தனர். அன்புக்குரியது பிரிந்தபோது அதனையே எண்ணி எண்ணி மனம் அழல்வது இஷ்டவியோகம் என்னும் ஆர்த்தத் தியானம். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், தானும் வருந்திப் பிறரையும் வருத்துவதும், கதறுவதும், புலம்புவதும் அசாதா வேதனீய வினை ஊற்றெடுக்கும் வாயில்கள் என்கின்றது. அதற்கு அடுத்த சூத்திரத்திலேயே, உயிர்களிடத்து இரக்கமும், தானமும், பொறுமையும் சாதா வேதனீய வினையின் வாயில்களாகக் கூறப்படுகின்றன. இவ்விரு சூத்திரங்களும் அடுத்தடுத்து நிற்பது நமக்கு ஒரு பாடம். சோகத்திலிருந்து இரக்கத்திற்கு ஓரடிதான். அவ்வடியை எடுத்து வைப்பதே இல்லறத்தான் கடமை.

இதனால், மறைந்தவர்க்காகக் கண்ணீர் விடுதல் குற்றம் என்று எவரும் கொள்ளற்க. நாம் துறவியர் அல்லேம், பற்றுடையோம். கண்ணீரோடு நின்றுவிடுவதுதான் குறை.

பாவாபுரியை நினைவு கூர்வோம். உலகிற்கு அறவொளி தந்த பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய வேளை, மக்கள் இழந்த இழப்புக்கு ஈடான இழப்பு வேறில்லை. அன்று அவர்கள் விளக்குகளை அவிக்கவில்லை; வரிசை வரிசையாக ஏற்றினர். அந்நாளிலேயே கௌதம கணதரர் கேவல ஞானம் எய்தினார். இன்றும் தீபாவளியை நாம் அந்நிர்வாண நாளாகவே கொண்டாடுகின்றோம். பேரிழப்பின் நாளை ஒளியின் நாளாகப் போற்றும் மரபு நம்முடையது.

நம் காலத்திலும் இதற்குச் சான்றுண்டு. 2024 பிப்ரவரி 18 ஆம் நாள் சத்தீஸ்கர் மாநிலத்து டோங்கர்கட் சந்திரகிரித் தலத்தில் ஆசாரியர் வித்யாசாகர் மகராஜ் சல்லேகனை நோற்றுச் சமாதி எய்தினார். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேச அரசுகள் அரை நாள் துக்கம் அறிவித்தன. துறவி ஒருவருக்கு அரசு செய்த அம்மரியாதையை நன்றியுடன் ஏற்கின்றோம். ஆயினும், ஆண்டுக்கணக்கில் நோற்ற தவத்தின் நிறைவைச் சாவகன் துக்கமென்று மட்டும் கருத முடியுமா? அவர் வழியில் ஒரு விரதத்தையேனும் மேற்கொண்டவனே அவரை உண்மையாக நினைத்தவன்.

இதுவரை கூறியது நம் உள்ளத்துத் துயரம் பற்றியது. துயரத்தைப் பிறர்மீது சுமத்துவது பற்றியும் கூறவேண்டியுள்ளது. தலைவர்பால் கொண்ட பற்று சோகமாகின்றது, சோகம் சினமாகின்றது, ஆர்த்தத் தியானம் இரௌத்திரத் தியானமாக முற்றுகின்றது. நம் தருமபுரி மாவட்டம் இதன் கொடுமையைக் கண்ணாரக் கண்டது. 2000 பிப்ரவரி 2 ஆம் நாள், ஒரு தலைவருக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்பைக் கேட்டுக் கொதித்தெழுந்தோர், தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் இருந்த பேருந்துக்குத் தீ வைத்தனர். மூன்று மாணவியர் உயிருடன் எரிந்து மாண்டனர். அது சாவுத் துக்கம் அன்று. ஆயினும், தலைவர்க்காக நேர்ந்த துயரம் கட்டுக்கடங்காது போனால் எங்கே சென்று முடியும் என்பதற்கு அதனினும் பெரிய எச்சரிக்கை வேறு வேண்டா.

தாமே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கட்டுக்கு வழி என்பது நம் நெறி. கடையை அடைக்குமாறு மிரட்டுபவன் முதல் வகை. ஆள் அனுப்பி அடைப்பிப்பவன் இரண்டாம் வகை. ‘நன்றாக வேண்டும்’ என்று திண்ணையிலிருந்து மகிழ்பவன் மூன்றாம் வகை. அச்சத்தால் அடைத்த கதவு துக்கத்தின் அடையாளம் ஆகாது.

விழாவை நிறுத்துவதால் ஏற்படும் இழப்பு யார் தலையில் விழுகின்றது என்பதையும் நோக்க வேண்டும். மண்டபம் பிடித்தவர்க்கு முன்பணம் போகலாம். அதனை அவர் தாங்கிக்கொள்வார். பந்தல் போடுபவரும், நாதசுர, தவில் கலைஞரும், சமையற்காரரும், பாத்திரம் துலக்கும் பெண்களும் அன்றன்று உழைத்து அன்றன்று உண்பவர். நம் மாவட்டத்தில் மல்லிகையும் சாமந்தியும் பயிரிடும் குடும்பங்கள் பல. விடியலில் பறித்த மலர் ஏழு நாள் காத்திராது. நாட்டின் துயரை நாம் காட்ட, அவர்களுடைய அடுப்பு அணைய வேண்டுமா? பிறர் உணவைப் பறித்துக் காட்டும் மரியாதையை அகிம்சையின் பாற்படுத்த இயலாது.

அவ்வாறாயின், எந்நாளும் எதனையும் நிறுத்தவே கூடாதோ எனின், அன்று. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நம் கடற்கரை மக்களை ஆயிரக்கணக்கில் கொண்டுசென்றபோது, அடுத்து வந்த புத்தாண்டுக் கொண்டாட்டத்தைத் துறந்து அப்பொருளை உணவாகவும் உடையாகவும் அனுப்பியோர் செய்தது பேரறம். அங்கே நிறுத்தம் தானமாக மாறியது. 1991 மே 21 இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி அவர்கள் கொல்லப்பட்டபோது, இடையில் நின்ற நாடாளுமன்றத் தேர்தலின் எஞ்சிய வாக்குப்பதிவு ஜூன் மாதத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது, கைவிடப்படவில்லை. ஒத்திவைக்கத் தக்கதை ஒத்திவைக்கலாம், கடமையைக் கைவிடலாகாது.

இவற்றையெல்லாம் தொகுத்து, நம் குடும்பங்கள் கைக்கொள்ளத் தக்க சில நெறிகளைக் கூறுவோம்.

முதலாவது, வழிபாடு, கல்வி, மருத்துவம், உணவளித்தல் ஆகிய நான்கும் துக்க நாளிலும் நிற்கலாகாது. கண் மருத்துவ முகாமுக்கு வரும் முதியவரைத் திருப்பி அனுப்புவதால் மறைந்த தலைவர்க்கு எப்பெருமையும் சேராது.

இரண்டாவது, நடத்தும் நிகழ்ச்சியில் களிப்புக்குரியவற்றைக் குறைத்தல் வேண்டும். ஒலிபெருக்கி, திரையிசை, ஆடல், ஆரவார ஊர்வலம் ஆகியவற்றை விடுக. வாண வேடிக்கை எந்நாளும் சிற்றுயிர்க்குத் தீங்கானது; அந்நாளில் அறவே வேண்டா. திருமணத்தில் மங்கல இசை மண்டபத்துக்குள் ஒலித்தால் போதும்.

மூன்றாவது, நிகழ்ச்சியின் தொடக்கத்தில் யாவரும் எழுந்து காயோத்சர்க்க நிலையில் நின்று ஒன்பது முறை பஞ்ச நமஸ்காரத்தை மனத்துள் ஓதலாம். ஆண்டுதோறும் ஜனவரி 30 ஆம் நாள் காலை 11 மணிக்குக் காந்தியடிகளை நினைந்து நாடு இரண்டு நிமிடம் மௌனம் காக்கின்றது. தேசத்தந்தைக்கு நாடு அவ்வேளையில் மௌனமாகச் செலுத்துவது அவ்விரண்டு நிமிடங்களே. மனம் ஒன்றினால் அவை போதும்.

நான்காவது, ஒத்திவைக்க நேர்ந்தால், அதனை நம்பியிருந்த தொழிலாளர்க்குப் பேசிய கூலியைக் கொடுத்துவிடுக. கூலி கொடாது நிறுத்திய விழா, பிறர் பொருளில் செய்த துக்கம்.

ஐந்தாவது, நடத்துபவரை நிறுத்துபவரும், நிறுத்துபவரை நடத்துபவரும் இகழற்க. ஒருவர் நோக்கத்தைப் பல கோணங்களினின்று காணச் சொல்லும் அநேகாந்தம் நூலில் மட்டும் இருப்பதற்கன்று.

ஆறாவது, இதுவே எல்லாவற்றினும் இன்றியமையாதது. தலைநகரில் மறைந்தவர்க்காக விழாவை நிறுத்துகின்றோம். அடுத்த தெருவில் கூலித் தொழிலாளி ஒருவர் இறந்து கிடக்கும்போது அவ்வீட்டு வாயிலைக் கடந்து செல்லும் நம் ஊர்வலம் மேளத்தை நிறுத்துகின்றதா? அங்கே நிறுத்தாதவர் இங்கே நிறுத்துவது புகழுக்காக என்றே கொள்ள நேரும். எல்லா உயிரும் இயல்பால் ஒன்றே என்று கூறும் நமக்கு, கொடி தாழ்த்தப்பட்ட மரணமும் கொடி தாழ்த்தப்படாத மரணமும் வேறல்ல.

மறைந்தோரை நினைப்பது எவ்வாறு என்பதற்கு நம் மண்ணே விடை வைத்திருக்கின்றது. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் மரபினர் ஆண்ட ஊர். போளூரை அடுத்த திருமலைக்கு யாத்திரை சென்றோர் அங்குள்ள கல்வெட்டைப் பற்றிக் கேள்வியுற்றிருப்பர். சேர மரபினனாகிய எழினி என்பான் அம்மலையில் இயக்கன், இயக்கி திருவுருவங்களை நிறுவினான். காலத்தால் அவை பழுதுற்றன. பல தலைமுறைகளுக்குப் பின் அவன் வழிவந்த தகடூர்த் தலைவன் விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் நிறுவினான். எழினி மறைந்தபோது யார் எத்தனை நாள் அழுதனர் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. அவன் தொடங்கிய பணியை அவன் வழித்தோன்றல் தொடர்ந்தான் என்பதையே கூறுகின்றது.

நாலடியாரைத் தொகுத்தோர் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையை நூலின் முதல் மூன்று அதிகாரங்களாக வைத்தனர். நம்மைச் செயலறச் செய்வதற்காக அவர்கள் அவ்வாறு வைக்கவில்லை. நாள் குறைவு, அறம் செய்க என்று விரைவுபடுத்தவே வைத்தனர். ஆகவே, நாடு துயருறும் நாளில் ஆரவாரத்தை அடக்குவோம், அறத்தை அடக்காதிருப்போம். கேளிக்கைக்கு வைத்த பொருளைப் பசித்தவர் இலையில் இடுவோம்.

எவ்வுயிரும் இன்புறுக! மும்மணிகள் ஒளிர்க! ஜினதர்மம் தழைக்க!