முதல் தீர்த்தமும் கடைமடையும்

பெருமாள் சந்நிதியில் முதல் தீர்த்தம் பெறுவது பெரும் மரியாதை. ஆயினும் முன்னிற்பவர் கையில் விழும் அளவே கடைசியில் நிற்பவர் கையிலும் விழுகிறது. முந்திப் பெறுதல் வேறு. மிகுதியாகப் பெறுதல் வேறு.

காங்கேயம் வட்டார உழவர்க்கு இவ்வேறுபாடு வாழ்வையே தீர்மானிப்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆனைமலையில் மழையாய்ப் பொழியும் தென்மேற்குப் பருவம், இவ்வூரை எட்டுகையில் பெரும்பாலும் வெறுங்காற்றே. அம்மலைநீர், தமிழகமும் கேரளமும் 1970-இல் ஒப்பந்தம் கண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தால் திருமூர்த்தி அணைக்கு வந்து, நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்துத் திறக்கப்படுகிறது. வெள்ளகோவில் கிளைக் கால்வாயின் கடைமடையினரோ, தம் பங்கு வந்து சேரவில்லையெனப் பலமுறை போராடியிருக்கின்றனர்.

“என் நிலத்தருகே ஓடும் நீரில் சற்றே எடுத்தால் என்ன குறையும்?” என்பது தலைமடைக்காரரின் கேள்வி. கேட்கக் குற்றமற்றதாகவே தோன்றும். ஆனால் மேற்கே ஓடவேண்டிய நீர், மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. தலைமடைக்கும் அது வந்த நீரேயன்றிப் பிறந்த நீரன்று. திருப்பாவையில் மழை வேண்டும் ஆண்டாளும் அதனை ஆயர்பாடிக்கு மட்டும் கேட்கவில்லை.

மழை பொய்த்த ஆண்டில் தலைமடைப் பயிரும் வாடும் என்பது மெய்தான். அவ்வாண்டின் குறைவும் தலைமடை முதல் கடைமடை வரை பங்கிடப்படவேண்டியதே. வட்டிலில் தீர்த்தம் குறைந்தால் அர்ச்சகர் கடைசியில் நிற்பவரைத் திருப்பி அனுப்புவதில்லை. எல்லோர்க்கும் துளியைச் சிறிதாக்குகிறார்.