கைபேசியில் ஏறும் வருகை



நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவு கைபேசியில்தான் என்று கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளர் நாளைக்கு இரண்டு முறை வேலையாட்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. கள்ளக் கணக்கை ஒழிக்க வந்த ஏற்பாடு. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: படத்தையே மறுபடி படம் பிடித்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்கள் வருகின்றன என்று.

வராதவருக்கு வருகை போட்டுக் கொடுப்பதை நாம் உதவி என்கிறோம். "பாவம், பிள்ளைக்குக் காய்ச்சலாம்." காய்ச்சல் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எடுத்துக் கொடுப்பது நம் பணமா? நமக்கு உரிமையில்லாத பொருளில் எப்படி ஸதகா செய்வது? கூலிக்கு ஒப்புக்கொண்ட நேரம் அமானிதம்.

இதோடு நிறுத்தினால் பாதி நியாயம்தான். தான் வாங்கும்போது நிறைவாக அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவரைத்தான் சூரத்துல் முதஃப்பிஃபீன் கண்டிக்கிறது. சிக்னல் இல்லாமல் படம் ஏறவில்லை என்பதற்காக, வெயிலில் மண் வெட்டிய பெண்ணுக்கு அன்றைய கூலி கிடையாது என்றால், அதுவும் அளவில் குறைப்பதுதான். தராசு கைபேசிக்குள் போய்விட்டது, அவ்வளவே.

கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், பையன்கள் தாமதமாக வருகிறார்கள். போனில் வருகை எடுத்தால் அவர்களைச் சந்தேகப்படுவதாகாதா?"

கடனையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் இது, தாராளமாக எடுங்கள் என்றேன். "ஆனால் இரவு ஒன்பதுக்குப் பிறகும் அவர்களை நிறுத்தி வைக்கிறீர்களே, அந்த நேரத்தையும் அதிலேயே பதியுங்கள்."

சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடப் போய்விட்டார்.