ஒருமை உணர்வும் அதன் கடனும்

இயற்கையோடும் ஏனைய மனிதரோடும் தாம் ஒன்றாகிவிட்டதாக உணரும் கணம் பலரது வாழ்விலும் எப்போதாவது வாய்ப்பதுண்டு. சமய ஞானிகள் அதனைப் பேரின்பத்தின் சாயல் என்றனர். கவிஞர் அதனைப் பாடினர். உளவியலாளர் அதனை ஐயத்தோடு நோக்கினர். அவ்வுணர்வு உண்மையா, மயக்கமா என்ற வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. இக்கட்டுரை அவ்வினாவுக்கு முடிந்த முடிபு கூற முற்படவில்லை. அவ்வுணர்வைப் பெற்றவனுக்கு அதனால் ஏதேனும் கடன் உண்டாகின்றதா என்ற வேறொரு வினாவையே எழுப்ப விழைகின்றது.

இதற்கு என் சொந்த அனுபவமொன்றையே எடுத்துக்கொள்கின்றேன். வடமராட்சியில் பிறந்து வளர்ந்த எனக்குப் பேராதனைக்கு வரும்வரை மலை என்பது பாடநூலில் உள்ள ஒரு படமே. முதலாம் ஆண்டின் இறுதியில் நண்பர் சிலரோடு ஹந்தானை மலையில் ஏறினேன். அவர்கள் பின்தங்கிவிட, பாறையொன்றின்மீது தனியே அமர்ந்திருந்தேன். பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த மூடுபனி முதலில் மகாவலியை மறைத்தது. பின்னர் மரங்களை மறைத்தது. ஈற்றில் என் கால்களையும் மறைத்தது. எது நான், எது மலை என்ற வேறுபாடு சிறிது நேரம் தோன்றவில்லை. அச்சமும் இல்லை, ஆசையும் இல்லை. உலகிலுள்ள உயிர்கள் யாவும் என் உறவே என்ற நிறைவு மட்டும் இருந்தது. அந்நிறைவு பொய்யென்று இன்றும் நான் கருதவில்லை.

இறங்கும் வழியில், தேயிலைச் சரிவொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணொருவர் எம்மைக் கண்டு நிமிர்ந்தார். என் தாயின் வயதிருக்கும். இடுப்பிலே படங்கு, முதுகிலே கூடை.

"தம்பி, மழ வரப்போகுது, வெரசா எறங்குங்க" என்றார். பின்னர் என் பெயரையும் ஊரையும் விசாரித்தார். சொன்னேன்.

"அங்கிட்டும் மலை இருக்கா?"

"எங்கட பக்கம் மலை இல்லையம்மா."

"மலை இல்லாட்டி ஆளுங்க எங்க போயி வேல செய்வாங்க?"

நான் விழித்தேன். எம்முடன் வந்த மலையக நண்பன் விளக்கினான். தோட்டத்திலே மலை என்பது கொழுந்து பறிக்கும் நிலப்பகுதி. "இன்றைக்கு எந்த மலை?" என்று கேட்டால், இன்று வேலை எங்கே என்பதே அதன் பொருள். நான் கரைந்துபோன மலையும் அவர் கூறிய மலையும் ஒன்றே; ஆயினும் அச்சொல் எம் இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

1927 ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலண்ட், சிக்மண்ட் பிராய்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சமுத்திரம் போன்று எல்லையற்றதோர் உணர்வே சமய அனுபவத்தின் ஊற்று என்பது அவர் கருத்து. 1930 இல் வெளிவந்த, நாகரிகம் தரும் அதிருப்திகள் பற்றிய தமது நூலின் தொடக்கத்திலேயே பிராய்ட் இக்கருத்தை ஆராய்ந்தார். அத்தகைய உணர்வைத் தம்மிடத்தே காண முடியவில்லை என்று கூறிய அவர், தனக்கும் புறவுலகுக்கும் இடையே எல்லை அறியாத குழந்தையின் மனநிலை வளர்ந்தவரிடத்தும் எஞ்சியிருப்பதே அது என விளக்கினார்.

இவ்விளக்கத்தை நாம் முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. ஓர் உணர்வு எங்கிருந்து தோன்றியது என்பதைக் கொண்டு அதன் மதிப்பைத் தீர்மானித்தல் தருக்கமாகாது. எனினும் அதனுள் ஓர் எச்சரிக்கை உண்டு. நான் உலகினுள் கலந்தேனா, அன்றி உலகை என்னுள் விழுங்கிக்கொண்டேனா? பாறைமீது நான் உணர்ந்த ஒருமையில் 'உயிர்கள் யாவும்' இருந்தன. கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அப்பெண் இருக்கவில்லை. மலை மறுமொழி கூறுவதில்லை. ஆகையால் அதனோடு ஒன்றுதல் எளிது. மனிதர் மறுமொழி கூறுவர். நாம் எண்ணியிராத வினாக்களையும் கேட்பர்.

அன்றியும், நான் இயற்கை எனக் கண்டது வெறும் இயற்கையுமன்று. மத்திய மலைநாட்டுக் காடுகளின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிச் செய்கைக்காக அழிக்கப்பட்டது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். கோப்பி இலைநோயினால் வீழ்ந்தபின் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்தோரும், அவர்தம் சந்ததியாரும் நட்டும் கவ்வாத்துச் செய்தும் உருவாக்கிய பசுமையே இது. அச்சந்ததியாரிற் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. இப்பசுமையோடு ஒன்றினேன் என்று கூறுபவன், அதனை ஆக்கியோரை ஒதுக்கிவிட்டு ஒன்றியிருக்க இயலுமா?

2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எனினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். மலையோடு பிரிவின்றி வாழ்தல் அவர்களுக்கு ஒரு மனநிலையன்று. போவதற்கு வேறிடம் இன்மையின் விளைவு. ஒருமையைப் பற்றிப் பேசுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

ஆன்மிக அனுபவத்தைச் சமூகத் தொண்டினால் அளத்தல் தகுமா, அது தன்னளவிலேயே நிறைவுடையதன்றோ எனச் சிலர் வினவலாம். அனுபவம் என்ற அளவில் அதற்கு நியாயம் எதுவும் தேவையில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் 'அனைவரும் என் உறவு' என்பது என்னைப் பற்றிய கூற்று மாத்திரமன்று, பிறரைப் பற்றியதுமாகும். உறவு என்று ஒருவரை நான் அழைத்தால், அது மெய்யா என உரைக்கும் உரிமை அவருக்கும் உண்டு.

அவ்வாறாயின் ஒருமை உணர்வையே நிராகரித்தல் வேண்டுமா? வேண்டியதில்லை, அதனைச் செம்மையாக விளங்கிக்கொள்ளல் வேண்டும். சைவசித்தாந்தம் அத்துவிதம் என்ற சொல்லுக்கு ஒரே பொருள் எனக் கொள்வதில்லை. இரண்டாய் இருந்தும் பிரிவின்றி நிற்றலே அதன் கருத்து. இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என மூவகையாக மெய்கண்டார் வழிவந்தோர் விளக்குவர். இறைவனைப் பற்றிய இவ்விளக்கத்தை மனிதர் இருவருக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. எனினும் அதிலிருந்து நாம் கற்கத்தக்க ஒன்றுண்டு. வேறாதலை நீக்கிவிட்டால் உடனாதலுக்கு இடமில்லை. என்னினும் வேறான ஒருவருடனேயே நான் உடனிருக்க முடியும். அவருடைய வேறுபாட்டை, அவருடைய சொல்லுக்கு உரிய பொருளை, அவருடைய களைப்பை அறிய மறுக்கும் ஒருமை, அன்பின் தோற்றம் கொண்ட அலட்சியமேயாகும்.

இராமலிங்க வள்ளலார் வாடிய பயிர் கண்டு வாடினார் என்பதை நாம் மேடைதோறும் கேட்கின்றோம். அதே வள்ளலார் 1867 இல் வடலூரில் தருமச்சாலை நிறுவிப் பசித்தோர்க்காக அடுப்பு மூட்டினார் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. லூல்கந்துரவில் தேயிலை நாட்டப்பட்ட அதே ஆண்டு அது. பயிரிடத்தே தோன்றிய இரக்கம் பசித்த மனிதரிடம் சென்றபோது அதற்கு அரிசியும் விறகும் தேவைப்பட்டன. நாள்தோறும் உழைப்போரும் தேவைப்பட்டனர். கணநேரத்தில் தோன்றும் உணர்வு நாள்தோறும் செய்யும் கடமையாக மாறுமிடத்தே அதன் உண்மை வெளிப்படுகின்றது எனலாம்.

பாறைமீது எனக்கு வாய்த்த கணத்தை நான் இழக்க விரும்பவில்லை. ஆனால் அது ஒரு முடிவன்று, தொடக்கம் என்றே இப்பொழுது கருதுகின்றேன். தொடக்கத்திலேயே நான் தவறினேன் என்பதையும் கூறல் வேண்டும். அப்பெண் என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். உயிர்கள் யாவும் என் உறவென உணர்ந்து அரைமணி நேரமும் ஆகாத நான், அவர் பெயரைக் கேட்கவில்லை. மழை பிடிப்பதற்குள் நாம் இறங்கிவிட்டோம். அவர் அங்கேயே நின்று பறித்துக்கொண்டிருந்தார்.