பழைய எண்ணெயும் புதிய வாக்கும்

வுச்சீரியாவின் சமையலறைகளில் கோப்பை கழுவுகிற எமக்கு எண்ணெய் என்றால் முதலில் பொரித்த எண்ணெய்தான். கடலைமாப் பனெல்லே பொரித்துக் கறுத்துப்போனதைக் கானில் ஊற்றக்கூடாது. சேர்த்துவைத்து, எடுக்க வருபவரிடம் கொடுக்கவேண்டும்.

இத்தகைய கழிவெண்ணெயை இன்று டீசலாக்குகிறார்கள். சிசிலியின் தென்கரையில், ஜேலாவில், எனி கம்பனி தனது பழைய சுத்திகரிப்பு ஆலையை மாற்றி 2019 ஓகஸ்டில் இதனைத் தொடங்கியது. ஆண்டுக்கு 7,50,000 தொன் கொள்ளும் ஆலை. எங்கள் தாச்சிகள் எம்மாத்திரம்! பாமாயிலும் வந்தது, 2022 முடிவில் அதை நிறுத்திவிட்டதாகக் கம்பனி சொன்னது. பாமாயில் என்றதும் மலேசியத் தோட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. றப்பருக்காகக் கொண்டுபோகப்பட்ட தமிழர் பலர், காணி செம்பனைக்கு மாறியபோது வேலையையும் லயத்தையும் சேர்த்தே இழந்தார்கள். அந்தக் கணக்கு எந்தப் பச்சை விளம்பரத்திலும் இல்லை.

நல்லது நடந்தால் போதும், செய்கிறவனின் மனதை ஏன் தோண்டுகிறீர்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சரி, மனதை விடுவோம். செய்வதையே பார்ப்போம். அதே எனி, அதே ஜேலாவுக்கு, 2024 ஓகஸ்டிலிருந்து ஆர்கோ, கசியோப்பேயா கடலடி வயல்களின் எரிவாயுவைக் கொண்டுவருகிறது. 2050இல் கரிவாயு வெளியீட்டை நிகரப் பூச்சியமாக்குவோம் என்ற வாக்கும் கூடவே இருக்கிறது.

வாக்குக் கொடுத்தவர்கள் அன்று கதிரையில் இருக்கப்போவதில்லை. அப்படியானால் அது யாருடைய வாக்கு? 1957இல் கைச்சாத்தாகி 1958இல் கிழிக்கப்பட்ட ஒப்பந்தத்தின் பிள்ளைகள் நாம். 2050 கிடக்கட்டும், இந்த வருடம் எத்தனை கிணறு தோண்டுகிறீர்கள் என்றுதான் கேட்க வருகிறது.