தலைமை வாரிசுச் சொத்தா?

தலைவன் ஒருவன் மறைந்தபின் அவன் வகித்த இடம் யாரைச் சேர்வது என்னும் வினா மிகப் பழமையானது. அதனை ஆராய்வதற்கு ஒரு கற்பனைக் குலத்தலைவரைத் துணைக்கொள்வோம்.

நஜ்துப் பாலையில் ஒரு கபீலா. அதன் ஷைகு மரணப் படுக்கையில் இருக்கிறார். அவருக்கு ஒரே மகன். நற்குணம் உடையவன், ஆனால் பொறுப்பெதுவும் ஏற்றுப் பழகாதவன். மறைந்த சகோதரரின் மகன் ஒருவனும் இருக்கிறான். வறட்சியில் மந்தைகளை நீர்நிலைக்கு நடத்திச் சென்றவன் அவன். கொலைப்பழி மூண்டபோது தியத்துப் பேசிச் சமாதானம் கண்டவனும் அவனே. தந்தையின் உள்ளமோ மகனை நாடுகிறது. முதியோர் மஜ்லிஸ் இரண்டுபட்டு நிற்கிறது. ஷைகு செய்யத்தக்கது யாது?

பண்டை அரபுக் குலங்களில் தலைமை பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்குள்ளேயே நிலவியது உண்மை. எனினும், மூத்த மகனுக்கே உரியது என்ற கட்டாயம் இருந்ததில்லை. கொடையும் வீரமும் பொறுமையும் உடையவனையே குலம் தலைவனாக ஏற்றது.

இனி, ஃபராயிள் சட்டத்தை நோக்குவோம். இறந்தவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத்து ஆகியவை நீங்கியபின் எஞ்சியதே வாரிசுகளுக்குப் பங்காகும். இந்த வரிசையில் தலைமைக்கு இடமே இல்லை. ஏனெனில் அவர் உடைமையாகக் கொண்டிருந்ததே பங்காகும். அமானிதமாகப் பெற்றிருந்தது பங்காகாது.

அப்படியாயின், தந்தை தம் மகனை முன்மொழியவே கூடாதா? ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) தம் ஆட்சிமுறை நூலில் இவ்வினாவை எடுத்து, அறிஞரிடையே மூவகைக் கருத்துகள் உண்டென்று காட்டுகிறார். தேர்வுக்குரியோரைக் கலக்காமல் தந்தையையோ மகனையோ நியமித்தல் ஆகாது என்பது ஒன்று. ஆகும் என்பது மற்றொன்று. தந்தையை நியமிக்கலாம், மகனை நியமிக்கலாகாது என்பது மூன்றாவது. மனித இயல்பு தந்தையைவிட மகன்பால் மிகுதியாகச் சாய்வதே மூன்றாவதற்குக் காரணமாம். மகனுக்காகத் தந்தை கூறும் சாட்சியை ஃபிக்ஹு அறிஞரில் பெரும்பாலோர் ஏற்பதில்லை என்பதையும் நாம் இங்கே நினைவுகூரலாம். சாட்சிக்கே இந்த எச்சரிக்கை வேண்டுமாயின், ஒரு குலத்தின் வாழ்வுக்கு வேண்டாவோ?

“வாரிசுரிமை இருந்தால் பூசல் எழாது” என்பர் சிலர். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. மக்கள் எந்தக் கூட்டத்தின் பின்னே திரள்வார்களோ அதனைப் புறக்கணித்தால் குழப்பமே விளையும் என்பதை இப்னு கல்தூன் (ரஹ்) விரிவாக எடுத்துரைத்தார். ஆனால் ஒரு குடியின் பெருமை பொதுவாக நான்கு தலைமுறைக்கு மேல் நீடிப்பதில்லை என்றவரும் அவரே. உழைத்துப் பெற்றதைப் பிறப்பால் வந்ததென்று நான்காம் தலைமுறையினன் எண்ணிவிடுகிறான். குருதியுரிமை குருதி சிந்துவதைத் தடுத்ததா என்றால், அதுவும் இல்லை. 1595இல் உதுமானிய அரியணை ஏறிய மூன்றாம் முஹம்மது தம் சகோதரர் பத்தொன்பதின்மரைக் கொல்வித்தார்.

ஹிஜ்ரி 23இல் குத்துண்டு கிடந்த ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தேர்வை அறுவரிடம் ஒப்படைத்தார்கள். மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஆலோசனை கூறலாம். பதவியில் அவர்களுக்குப் பங்கில்லை என்றார்கள். மகனார் தகுதியற்றவர் என்பதாலன்று. மார்க்க அறிவிலும் பேணுதலிலும் சிறந்து விளங்கியவர்கள் அவர்கள்.

ஆயினும், தலைவரின் மகனாய்ப் பிறந்தது குற்றமன்று. தகுதியுடைய மகனை, மகன் என்பதற்காகவே விலக்குவதும் அநீதியே. பிறரை நிறுக்கும் தராசில் அவனையும் நிறுக்க வேண்டும். அந்தத் தராசு தந்தையின் கையில் இருத்தல் ஆகாது. நம் ஷைகும் தம் கருத்தை மஜ்லிஸில் கூறிவிட்டு, முடிவை முதியோரிடம் விடுவதே முறை.

மகன் உயிரோடிருக்கச் சகோதரன் மகனுக்குச் சொத்தில் பங்கு ஏதும் இல்லை. ‘ஹஜ்பு’ என்னும் விதி அவனை விலக்கிவிடும். கூடாரமும் ஒட்டகங்களும் பிற வாரிசுகளின் பங்கு போக மகனையே சேரும். அதில் எவரும் கைவைத்தல் ஆகாது. ஆனால் நீர்நிலைக்கு வழி தெரிந்தவன் எவனோ, அவன் பின்னேதான் மந்தை செல்ல வேண்டும்.