விலையில்லாப் பாட்டும் கைம்மாறும்

ராப் இசையில் மிக்ஸ்டேப் என்பது பெரும்பாலும் இசை நிறுவனத்தின் துணையின்றிப் பாடகரே வெளியிடும் பாடல் தொகுப்பு. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி டிஜேக்கள் தங்கள் ஆட்டபாட்ட இரவுகளைக் கேசட்டில் பதிவுசெய்து கைமாற்றியதிலிருந்து அது வளர்ந்தது. அந்தக் கேசட்டுகளுக்கு விலை உண்டு. இணையம் பரவிய பிறகுதான் இளம் பாடகர்கள் தங்கள் முதல் மிக்ஸ்டேப்பைக் காசு வாங்காமல் ஊருக்கு விட்டுவிடுவது வழக்கமாயிற்று. அந்த வழக்கத்தோடு அறவியலும் சமயமும் நெடுங்காலமாகப் பேசிவரும் கேள்வி ஒன்றும் சேர்ந்தே வருகிறது. விலை வாங்கவில்லை என்பதாலேயே ஒன்று கொடையாகிவிடுமா?

இக்கேள்விக்கு உரைகல்லாகக் கொள்ளத்தக்கது சிகாகோ நகரின் சான்ஸ் த ராப்பர் வெளியிட்ட முதல் மிக்ஸ்டேப். பள்ளி இறுதியாண்டில் கஞ்சா வைத்திருந்ததற்காக அவர் பத்து நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்த நாட்களில் தொடங்கிய பாடல்கள் ‘10 டே’ என்ற பெயரில் 2012 ஏப்ரல் 3 அன்று வெளிவந்தன. அப்போது அவருக்கு வயது 18. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ள முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘ஆசிட் ராப்’, 2016இல் வந்த ‘கலரிங் புக்’ இரண்டையும் வெளியிட்டபோது அவர் கடைவிற்பனைக்குக் கொண்டுவரவில்லை. ‘கலரிங் புக்’ 2017இல் கிராமி விருது பெற்றது. விற்பனைக்கே வராமல், ஸ்ட்ரீமிங்கில் மட்டும் கிடைத்த தொகுப்பு ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

இதைக் கொடை என்று ஒப்பாதவர்கள் சொல்லும் காரணம் எளிது. பாட்டை இலவசமாகத் தந்தவர் பெயரைச் சம்பாதித்தார். பெயர் கச்சேரியாயிற்று, கச்சேரி பணமாயிற்று. ஆகவே இது முதலீடு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் நன்கொடை பற்றி ஏழு நூல்கள் எழுதிய ரோமானிய மெய்யியலாளர் செனக்கா, கொடை என்பது கைமாறும் பொருளில் இல்லை, கொடுப்பவர் மனத்தில் இருக்கிறது என்றார். பிரெஞ்சு மெய்யியலாளர் தெரிதா 1991இல் இதை இன்னும் இறுக்கினார். கொடுத்தவரோ பெற்றவரோ ‘இது கொடை’ என்று உணர்ந்த கணமே நன்றிக்கடன் பிறந்துவிடுகிறது, கொடை வணிகமாகிவிடுகிறது என்பது அவர் வாதம். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் மிக்ஸ்டேப் மட்டுமல்ல, தாய் ஊட்டும் சோறும் தேறாது. மனித வாழ்வில் ஒரு முறைகூட நிகழாத ஒன்றுக்குக் கொடை என்று பெயர் வைப்பதில் பயன் குறைவு.

மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் இதற்கு நேரெதிரான முடிவுக்கு வந்தார். பாலினீசியத் தீவுகளையும் வடமேற்கு அமெரிக்கப் பழங்குடிகளையும் பற்றிய பதிவுகளை ஆராய்ந்த அவர், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்று கடமைகளும் சேர்ந்தே சமூகத்தைக் கட்டுகின்றன என்றார். கைம்மாறு கொடையைக் கெடுப்பதில்லை, உறவை நீட்டிக்கிறது. இந்த விளக்கம் மிக்ஸ்டேப்புக்குப் பாதி பொருந்துகிறது. கேட்டவர்கள் கச்சேரிக்குச் சீட்டு வாங்கி வந்தது உண்மை. ஆனால் வாராதவரைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. கடனுக்கும் கொடைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் பிடிக்க முடியும். கொடுத்தவர் மனத்தில் ஆசை இருக்கலாம். கைம்மாற்றை வற்புறுத்தும் வழியை அவர் விட்டுவிட்டாரா என்பதே கேட்க வேண்டியது. ‘10 டே’ அந்த வழியை விட்டுவிட்டது.

இன்னும் ஆழமான விடை கிறித்தவ இறையியலின் கிருபைக் கோட்பாட்டில், அதாவது கடவுள் தகுதி பாராமல் அருளுகிறார் என்ற கோட்பாட்டில், கிடைக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்பவரோடு நடந்த சர்ச்சையில் புனித அகுஸ்தீன், மனிதரின் தகுதிக்கு முன்பே கிருபை வந்துவிடுகிறது என்று வாதாடினார். ஒருவரிடம் இருப்பது எல்லாம் அவர் பெற்றதே என்ற திருத்தூதர் பவுலின் எண்ணம் அவருக்கு அடித்தளம். இது சிகாகோவுக்கு அந்நியமானதல்ல. தாமஸ் டார்சி 1930களில் காஸ்பெல் என்னும் கிறித்தவப் பக்தி இசையை வளர்த்தெடுத்தது அந்நகரின் தெற்குப் பகுதிக் கறுப்பினத் தேவாலயங்களில்தான். சான்ஸ் வளர்ந்ததும் அதே தெற்குப் பகுதி. ‘கலரிங் புக்’ காஸ்பெல் குரல்களால் நிறைந்தது.

இந்தக் கண்ணால் பார்த்தால் ‘10 டே’ வேறு தோற்றம் கொள்கிறது. நகரின் ஹெரால்டு வாஷிங்டன் பொது நூலகத்தில் பதின்வயதினருக்கென ‘யூமீடியா’ என்ற கூடம் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவிகள், திறந்த மேடை, வழிகாட்டும் கவிஞர்கள் எல்லாம் அங்கே கட்டணமின்றிக் கிடைத்தன. சான்ஸ் பாடிப் பழகிய இடங்களில் அதுவும் ஒன்று. வரிப்பணத்திலும் பிறர் உழைப்பிலும் விளைந்ததைப் பெற்றவர், அடுத்தவர் கைக்கு அதை விலையின்றி நகர்த்தினார். கொடுத்தவரே முதலில் பெற்றவர் என்றால், தெரிதா அஞ்சிய பெருமிதத்துக்கு இடம் சுருங்கிவிடுகிறது.

ஆனால் கிருபை வாதம் ஒரு முடிச்சை அவிழ்ப்பதில்லை. மிக்ஸ்டேப்புகள் பிறர் இசைத்துண்டுகளை உரிமை பெறாமல் எடுத்தாள்வது வழக்கம். தனக்கு உரிமையில்லாததை ஒருவர் தானம் செய்ய முடியுமா? 2007இல் அட்லாண்டாவில் மிக்ஸ்டேப் தயாரிப்பாளர் டிஜே டிராமாவின் ஸ்டுடியோவில் காவல்துறை நுழைந்து மிக்ஸ்டேப் குறுந்தகடுகளைக் கைப்பற்றியது இக்கேள்வியின் சட்ட வடிவம். விற்காத வரை இது பெரிதாகக் கிளம்புவதில்லை; பணம் நுழைந்ததும் கிளம்புகிறது. ‘கலரிங் புக்’கை இரண்டு வாரம் தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்ள ஆப்பிள் நிறுவனம் ஐந்து லட்சம் டாலர் கொடுத்ததாகச் சான்ஸே 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதம் நகரின் அரசுப் பள்ளிகளுக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை அறிவித்தார். ஒன்று மற்றொன்றை ஈடுசெய்கிறது என்று கணக்குப் போடுவது சரியல்ல. பெற்றதை மறைக்காமல் சொன்னதே இங்கு எடை கூடியது. 2019இல் முதல் இரண்டு மிக்ஸ்டேப்புகளும் ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வந்தபோது, ‘ஆசிட் ராப்’பில் உள்ள ‘ஜூஸ்’ பாடலின் இசைத்துண்டுக்கு உரிமை கிடைக்கவில்லை. அந்த இடத்தில் பாட்டுக்குப் பதிலாக அரை நிமிடப் பேச்சு ஒன்று வைக்கப்பட்டது. அதைக் கேட்பதால் வரும் வருவாய், அவர் தொடங்கிய ‘சோஷியல்வொர்க்ஸ்’ என்ற தொண்டு நிறுவனத்துக்குப் போகும் என்று அதிலேயே அறிவிக்கப்பட்டது.